அவர் சொல்லட்டும்

அந்த டாக்டரம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கு விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடமெல்லாம் கொடுத்த விளம்பரமே போதும், என் பங்குக்கு வேறு எதற்கு?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் அவருடைய கிளினிக். 'மனநல மருத்துவர்' என்ற பலகை சின்னதாக இருக்கும். எதிர் அறையில் ஒரு பல் டாக்டர். அவர் பலகை பெரியது, விளக்கெல்லாம் போட்டது. அதனால் அந்தப் படியில் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் பல்லில்தான் கோளாறு. எங்கள் காலனியைப் பொறுத்தவரை என் கணவருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகப் பல் வலி. "என்ன சார், இன்னுமா அந்த ரூட் கேனால் முடியலை?" என்று எதிர்வீட்டுக்காரர் அவரைக் கேட்பார். "சீழ் வெச்சிடுச்சாம், ஆற நாளாகும்னு சொல்லிட்டாங்க" என்று நான் சொல்வேன். கேட்டது அவரை, சொன்னது நான். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

எங்கள் வீட்டில் மட்டுமா? எந்த டாக்டர் அறைக்குள் போய் வேண்டுமானாலும் பாருங்கள். நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், கூட வந்தவர் பேசுவார். "நேத்துலேர்ந்து காய்ச்சல் டாக்டர், வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்கறார்." காய்ச்சல்காரர் தலையாட்டுவார். நான் மேடவாக்கத்தில் ஒரு வங்கியில் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் பெண்களைப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் கணவர்தான் சொல்வார். அப்போது எனக்குக் கோபம் வரும். ஆனால் என் கணவருக்காக நான் பேசுவது அந்தக் கணக்கில் சேராது என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். நாற்பதை ஒட்டிய வயது. கஞ்சி போடாத பருத்திப் புடவை. அறைக்கு வெளியே ஒரு சாதாரண ரப்பர் செருப்பு கிடக்கும், அதுதான் அவருடையது. சிரிப்பது அபூர்வம். ஒருமுறைகூட "கவலைப்படாதீங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்றும் சொல்ல மாட்டார். "பார்ப்போம்" என்பார், அவ்வளவுதான். அழகாகவாவது இருந்திருந்தால் பொறாமைப்பட ஒரு நியாயமான காரணம் கிடைத்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

என் கணவர் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அந்த வருடம் ஆடி மாதம் வாக்கில் அவருக்குத் தூக்கம் போயிற்று, பிறகு பசி போயிற்று, அப்புறம் பேச்சும் போயிற்று. காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும், இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். குடும்ப டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் நாத்தனாரின் மருமகள் கவுன்சலிங் படித்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அவளை வரவழைத்தோம். அவளோடு அவள் மாமியாரும் வந்தார், சித்தப்பா வீட்டிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். கூடத்தில் எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு, "மனசுவிட்டுப் பேசுங்க" என்று அவரை நடுவில் உட்கார வைத்தோம். அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். "அத்தை, இது என் கையில இல்லை. மாமா ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாக்கணும்."

"சைக்காலஜிஸ்ட்தானே?"

"இல்லத்தை. சைக்காலஜிஸ்ட் மனசைப் பத்திப் படிச்சவங்க. டெஸ்ட் வெப்பாங்க, முறையா உக்காந்து பேசி சிகிச்சை கொடுப்பாங்க. நான் அவங்க அளவுகூட இல்லை, பரீட்சை பயம், வீட்டுச் சண்டைன்னு வந்தா பேசி வழி காட்டுவேன். சைக்கியாட்ரிஸ்ட் டாக்டர். எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு இதை மேல்படிப்பாப் படிச்சவங்க. மாமாவுக்கு இப்ப மாத்திரை தேவைப்படலாம். அதை அவங்கதான் எழுத முடியும்."

"மாத்திரையா? அவருக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"அத்தை, நீங்க அங்க போய் இப்படிப் பேசாதீங்க" என்றாள்.

போனோம். சாய்ந்து படுக்க ஒரு சோபா, மங்கலான விளக்கு என்றெல்லாம் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அங்கே இருந்தது ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, டார்ச், எடை பார்க்கும் மெஷின். அவர் என் கணவரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். தைராய்டு, சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மனக்கோளாறு மாதிரி தெரிவது சில சமயம் உடம்புக் கோளாறாக இருக்குமாம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தூக்கம் எப்படி?"

இதற்கா இத்தனை வருடப் படிப்பு என்று எனக்குத் தோன்றியது. பால்காரர்கூடத்தான் கேட்கிறார். "தூக்கமே கிடையாது டாக்டர்" என்று நான் ஆரம்பித்தேன். "விடியற்காலைல முழிச்சிக்கிட்டு…"

"அவர் சொல்லட்டும்."

குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் கணவர் வாயைத் திறப்பதாக இல்லை. அந்த அம்மாவும் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு அரித்தது. பதில் தெரிந்த கேள்வி கண்ணெதிரே கிடக்கிறது, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றால் என்ன கொடுமை! கீழே மருந்துக்கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒரு ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அப்புறம்தான் அவர் சொன்னார், "தூக்கம் வரலை டாக்டர்."

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்?

"மேடம், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. உங்ககிட்டயும் தனியாப் பேசணும், கூப்பிடறேன்" என்றார் டாக்டரம்மா.

கல்யாணமான இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என்னை வெளியே அனுப்பியதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பல் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு வழியாக அவர் குரல் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை, குரல் மட்டும்தான். அது நீளமாக வந்தது. எங்கள் வீட்டில் வாரக்கணக்காகக் கேட்காத குரல். பிறகு அது உடைந்தது. அவர் அழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. என் மாமனார் போனபோதுகூட அவர் அழவில்லை. நான் எழுந்து கதவருகே போய்விட்டேன்.

டோக்கன் கொடுக்கிற பெண் கையை நீட்டி மறித்தாள். "இன்னாக்கா, எங்க போற? உள்ள போனா அம்மா திட்டும். உக்காரு."

"அவர் அழறார்மா."

"அழுதுகினு இருந்தா இருக்கட்டுமே. இங்க அல்லாரும் அழுவாங்கோ. நீ ஏன் பேஜாராவுற?"

நான் பேஜாரானது அவர் அழுததற்காக மட்டும் இல்லை. என் வீட்டுக்காரரின் அழுகையை, நான் இதுவரை பார்த்திராத ஒன்றை, முன்பின் தெரியாத ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். அதுவும் பத்தே நிமிடத்தில்.

என்னைக் கூப்பிட்டபோது அவரை வெளியே உட்கார வைத்தார்கள். "நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. நினைச்சதை அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. நான் நினைத்ததையெல்லாம் கழித்துப் பார்த்தால் சொல்வதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"சார் உங்ககிட்ட சொல்லவேண்டியது ஒண்ணு இருக்கு. அவரால சொல்ல முடியலை. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன், சரின்னார். கொஞ்ச நாளா அவருக்கு உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கு. வேலை முடிஞ்சு ரயில்ல வரும்போது ஸ்டேஷன்ல இறங்கி பிளாட்பாரம் கடைசியில போய் நிப்பாராம். அப்புறம் திரும்பி வந்துடுவாராம்."

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார். மாத்திரை உடனே வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது, மாத்திரை என் கையில் இருக்கவேண்டும், நிலைமை மோசமானால் நேரம் காலம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். "சனிக்கிழமை இங்கயே ஒரு சைக்காலஜிஸ்ட் வருவார். ஒரு மணி நேரம் உக்காந்து பேசுவார். அவரால மாத்திரை எழுத முடியாது, எனக்கு அவ்வளவு நேரம் கிடையாது. சாருக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

தலையாட்டினேன். பயம்தான் முதலில் வந்தது, அதில் சந்தேகமில்லை. அதன் காலை மிதித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருக்கிறாரே!

ஆட்டோவில் கேட்டேன். "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது அவர் சொன்னார். "நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ பதில் சொல்லிடுவே."

"அதெல்லாம் இல்லை!" என்றேன். அந்தப் பதிலும் அவர் முடிப்பதற்குள்தான் வந்திருந்தது.

அந்த இரண்டு மூன்று வாரமும் ஒருவழியாக ஓடிற்று. அவருக்குத் தூக்கம் திரும்பியது. அவர் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் படுத்திருப்பேன். வங்கியில் லீவு போட்டேன், பிறகு அவர் வேலைக்குத் திரும்பியதும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கே போய்க் கூட்டிவந்தேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்தது நான், ரசம் சாதம் பிசைந்து வைத்தது நான். அவர் பழையபடி ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார். விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பாராட்டியது யாரை என்று நினைக்கிறீர்கள்?

"டாக்டர் சொன்னாங்க" என்பது எங்கள் வீட்டு மந்திரமாகிவிட்டது. நாலு மணிக்குமேல் காபி குடிக்காதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். டாக்டரம்மா ஒரே ஒருதரம் சொன்னார், இவர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டார். காலையில் நடங்கள் என்று நான் சொன்னால் முட்டி வலி. டாக்டரம்மா சொன்னால் சேலையூர் ஏரிவரை போய்விட்டு வந்து, கொக்கு பார்த்தேன் என்கிறார். செக்கப்புக்குப் போகிற நாளில் முகம் மழித்து, நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்வார். என் தம்பி கல்யாணத்துக்கு அந்தச் சட்டையைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன், கழுத்து இறுக்குகிறது என்றார். இப்போது கழுத்து மெலிந்துவிட்டதாம்.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? நன்றி இல்லாமல் இல்லை. அந்த அம்மா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே இப்போதும் எனக்குப் பயம். ஆனால் நன்றியும் எரிச்சலும் ஒரே வயிற்றில்தான் கிடந்தன, ஒன்றை ஒன்று தள்ளிவிடவில்லை.

சனிக்கிழமை வருகிற சைக்காலஜிஸ்ட் மேல் எனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை இல்லை. சின்னப் பையன் மாதிரி இருப்பார், ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசுவார், வீட்டில் செய்து பார்க்கச் சொல்லிப் பயிற்சிகள் கொடுப்பார். அவருக்கு ஒருமுறை முறுக்குகூடக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம். பத்து நிமிடத்தில், ஒரு வரிக் கேள்வியை வைத்துக்கொண்டு எப்படி வாங்குகிறாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் மதிய இடைவேளையில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "இவர் உங்ககிட்ட வேற என்னதான் சொல்றார் டாக்டர்?"

"நீங்க பார்த்ததை நீங்க எனக்குச் சொல்லலாம் மேடம். ஆபத்துன்னா நான் உங்களுக்குச் சொல்லிடுவேன். மத்தபடி அவர் சொன்னதை அவர்கிட்டதான் கேக்கணும்."

"நான் அவர் பெண்டாட்டி."

"தெரியும். அதனாலதான் சாப்பாட்டு நேரத்துல போன் எடுத்தேன்" என்றார். வைத்துவிட்டார்.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தூக்கம் எப்படி?" என்றேன். "நல்லா வருது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். குக்கர் விசில் அடித்தது. அவர் என்னையே பார்த்தார். "ஏன் இப்படி முறைக்கறே? உனக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?" என்றார். எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த வித்தை எனக்குப் பலித்தது. வங்கிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாளின் பெயரைக் கேட்டேன், வழக்கம்போலக் கணவர் வாயைத் திறந்தார். "அவங்க சொல்லட்டும்" என்றேன். அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரை இனிஷியலோடு சத்தமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமிருந்து எடுத்தது என்பது ஞாபகம் வந்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார்கள். நாங்களாக நிறுத்தவில்லை. நன்றாக ஆகிவிட்டதே, நிறுத்திவிடலாமே என்று நான் நடுவில் கேட்டபோது, "நல்லா இருக்கறதே அதனாலதான்" என்று டாக்டரம்மா என் வாயை அடைத்திருந்தார். கடைசியாகப் போன அன்று என் கணவரிடம், "இனிமே வரணும்னு கட்டாயம் இல்லை. பழையபடி தூக்கம் கெட்டா உடனே வாங்க" என்றார். அப்பாடா என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கார் டாக்டர். சாப்பிடறார், வேலைக்கு ஒழுங்காப் போறார்…"

"உங்களைக் கேட்டேன்."

கவுன்டரில் நாள் முழுக்கப் பேசுகிறவள், ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவள், பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா காத்திருந்தார். என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவளுக்கென்ன டாக்டர், அவ தைரியசாலி. அவ நல்லாத்தான் இருக்கா" என்றார்.

என்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே டாக்டரம்மா சொன்னார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தூக்கம் எப்படி?"

பால்காரர்கூடக் கேட்பார் என்று நான் கேலி செய்த கேள்வி. உண்மையில் என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் பேச ஆரம்பித்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். முதல் வரியை மட்டும் சொல்கிறேன். "எனக்கு உங்கமேல பொறாமை டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "ம்" என்றார், மீதியையும் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார். மீதியும் வந்தது. என் அழுகை எனக்கே கொஞ்சம் அசிங்கமாகக் கேட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை.

வெளியே வந்தபோது என் கணவர் பெஞ்சில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "உக்காரு சார்னா கேக்கவே மாட்டேங்குது இந்த சார்" என்றாள் டோக்கன் பெண். படி இறங்கும்போது கேட்டார், "என்ன சொன்னே?" ஆட்டோவில், கேம்ப் ரோடு தாண்டும்போது கேட்டார், "இவ்வளவு நேரம் அப்படி என்னதான் பேசினே?" நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா இப்போது தாம்பரத்தில் இல்லை. ஏதோ வெளியூர் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த மாடியில் முடி நடுகிற கிளினிக் வந்திருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கமாகக் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, என் கணவர் மாடியைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"அன்னிக்கு என்னை வெளிய அனுப்பிட்டு ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?"

"டாக்டரம்மா நம்பர்தான் இருக்கே, போன் பண்ணிக் கேளுங்களேன்."

"அவங்க சொல்லமாட்டாங்களே" என்றார். அந்தக் குரலில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமான எரிச்சல்.

அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.